இல்லந்தோறும் முதலுதவிப் பெட்டி

விபத்து நேர்ந்த கணத்திற்கும் நோயுற்றவர் மருத்துவரின் கைக்குப் போய்ச் சேரும் கணத்திற்கும் இடையே ஓர் இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில் அருகிலிருப்போர் செய்யும் உதவியே முதலுதவி எனப்படும். அது மருத்துவம் ஆகாது. மருத்துவத்திற்கு ஈடும் ஆகாது. ஆயினும் மருத்துவர் தம் பணியைச் செய்வதற்கு நோயாளியை உயிரோடும், இயன்ற அளவு ஊனமின்றியும் ஒப்படைப்பது அதுவே. இந்த உதவிக்கு வேண்டிய பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பது முதலுதவிப் பெட்டி. நம் கிராமங்களில் பத்தாயம் இல்லாத வீடும் இன்று உண்டு, பசு இல்லாத வீடும் உண்டு. ஆனால் விபத்து நேராத வீடு என ஒன்றைக் காட்டுதல் அரிது. அவ்வாறிருந்தும் இந்தப் பெட்டி உள்ள வீடுகள் சிலவே.

செங்கற்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டாரத்தைச் சேர்ந்த கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் தையூர் ஏரியின் பாசனத்தில் விளையும் நன்செய். மற்றொரு புறம் கோவளத்தை நோக்கிப் பரந்து கிடக்கும் உப்பளங்கள். அவற்றை அடுத்து முட்டுக்காட்டுக் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும் கடலும். ஊரின் நடுவே பழைய மகாபலிபுரம் சாலை ஓடுகிறது. வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் இங்கே வந்து கூடுகின்றன. சிறுசேரித் தொழிற்பூங்காவுக்குச் செல்லும் வாகனங்கள் இரவு பகலாக இவ்வழியே விரைகின்றன. ஆகவே கழனியில் பாம்பு, அளத்தில் வெயில், நீரில் மூழ்கும் அபாயம், சாலையில் மோதல், அடுக்களையில் நெருப்பு என்று ஒரு கிராமத்திற்கு வரத்தக்க இன்னல்கள் யாவும் இவ்வூரைச் சுற்றியே நிற்கின்றன. இவ்வூருக்குப் பொருந்துவது சிற்சில மாற்றங்களுடன் தமிழ்நாட்டின் பிற ஊர்களுக்கும் பொருந்தும்.

"சென்னை அருகில் இருக்கிறது, பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன, 108 என்று அழைத்தால் வண்டி வருகிறது, வீட்டில் பெட்டி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை பெரும் நன்மை செய்துவருவது உண்மையே. ஆனால் வெட்டுப்பட்ட பெரிய இரத்தக் குழாயிலிருந்து குருதி பீறிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். மூச்சு நின்றவரின் மூளை நான்கைந்து நிமிடங்களில் கேடுறத் தொடங்கும். எவ்வளவு விரைந்த வண்டியும் அந்த நிமிடங்களுக்குள் வாயிலில் வந்து நிற்க இயலாது. மேலும் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் சென்னையின் தென்புற ஊர்கள் பலவற்றில் தெருக்களே நீருள் மூழ்கிக் கிடந்தன. வண்டி வர வழியில்லை. அத்தகைய நாள்களில் வீட்டிலுள்ள பெட்டியே மருந்தகம்.

பெட்டியும் பொருள்களும்

பெட்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுவதில்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். தகரப் பெட்டி வேறு ஊர்களுக்கு ஆகலாம். கேளம்பாக்கம் போன்ற உப்புக் காற்று வீசும் ஊர்களில் அது ஓராண்டில் துருவேறிவிடும். கத்தரிக்கோலும் முள்வாங்கியும் எவர்சில்வரில் இருத்தல் நலம் என்பதும் அதனால்தான். மூடியின்மேல் செஞ்சிலுவை வரைவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அச்சின்னம் போர்க்கால மருத்துவப் பணிக்கென ஜெனிவா உடன்படிக்கைகளால் காக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பச்சை நிறத்தில் வெள்ளைக் குறியிடுவதே முறை. எக்குறியும் இன்றி "முதலுதவி" என்று பெரிய எழுத்தில் எழுதினாலும் போதும். வீட்டுக் குழந்தையும் படிக்கும்.

உள்ளே வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது கட்டுத்துணி. நுண்கிருமி நீக்கி உறையிலிட்டு விற்கும் காஸ் துணிகள் பத்து, இரண்டு அங்குலத்திலும் நான்கு அங்குலத்திலும் சுருள் கட்டுத்துணிகள் இரண்டிரண்டு, ஒட்டுநாடா ஒரு சுருள், சிறு காயங்களுக்கான பிளாஸ்டர்கள் சில, இவற்றுடன் முக்கோணக் கட்டுத்துணி மூன்று வேண்டும். முக்கோணத் துணியைப் பரவச் செய்தவர் எஸ்மார்க் என்னும் ஜெர்மானியப் படை மருத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் போர்க்களங்களில் வீரர்கள் தாமே கட்டிக்கொள்ளத்தக்க எளிய துணியாக அவர் அதைக் கருதினார். நமக்கு அது கடையில் வாங்க வேண்டிய பொருளன்று. பழைய பருத்தி வேட்டியிலிருந்து இரண்டு முழத்திற்குச் சற்று மிகுந்த சதுரமாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவில் கிழித்து, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். துவைத்து, கொதிநீரில் இட்டு, வெயிலில் உலர்த்தி, மடித்து வைத்துக்கொள்ளலாம். முறிந்த கையைக் கழுத்தில் தொங்கவிடவும், தலைக்காயத்தைக் கட்டவும், தப்பையைக் காலோடு பிணைக்கவும் அது உதவும். பஞ்சையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் திறந்த புண்ணின்மேல் பஞ்சை நேரே வைத்தல் ஆகாது. அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஒரு கட்டி சோப்பு. முதலுதவிப் பெட்டியில் சோப்பா என்று நகைப்போர் நாய்க்கடி பற்றிய பகுதியைக் காண்க. பொவிடோன் அயோடின் கரைசல் ஒரு சிறு புட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து, 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒரு அட்டை, ரப்பர்க் கையுறை இரண்டு இணை, வெப்பமானி, கத்தரிக்கோல், முள்வாங்கி, ஊக்குகள், டார்ச் விளக்கு, இரண்டு முழ நீளத்தில் வழவழப்பாகச் சீவிய மூங்கில் தப்பைகள் இரண்டு. தப்பை பெட்டிக்குள் அடங்காது. பெட்டியருகே சாத்தி வைக்க வேண்டும். வெப்பமானி பாதரசம் இல்லாத மின்னணுக் கருவியாக இருக்கட்டும். டார்ச்சின் பாட்டரிகளைத் தனியே உறையிலிட்டு வைப்பது நன்று. உள்ளேயே விட்டால் கசிந்து விளக்கையும் கெடுக்கும்.

மருந்துகளைக் குவிப்பதில் ஆர்வம் காட்டுதல் கூடாது என்பது என் கருத்து. சென்ற ஆண்டுக் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும், பெயரெழுத்து அழிந்த களிம்புகளும், தெருவில் ஒருவர் கொடுத்த வலிநிவாரணிகளும் ஒரு டப்பாவில் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். அது முதலுதவிப் பெட்டி ஆகாது. குழந்தை கையில் கிடைத்தால் அதுவே விபத்துக்குக் காரணமாகும். நாள்பட்ட நோய்க்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் இருப்பின் அவற்றைத் தனி உறையில், உட்கொள்பவரின் பெயரெழுதி வைக்க வேண்டும். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் ஆகாது. பெட்டியை அடுப்படியிலோ, வெயில் படும் சன்னலிலோ வைக்காது, குழந்தைக்கு எட்டாத, பெரியவர்க்கு இருட்டிலும் எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். பூட்டு வேண்டாம், அவசரத்தில் சாவி அகப்படாது.

பாம்புக்கடி

நம் வட்டாரத்தில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கேளம்பாக்கத்திற்குச் சிறிது தொலைவில், கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்ட பின், அத்தொழிலையே நம்பியிருந்த இருளர் குடும்பங்களுக்கு வேறு வாழ்வழி காண ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978ஆம் ஆண்டு இச்சங்கம் தோன்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, மண்பானைகளில் வைத்துப் பேணி, சில வாரங்களில் சிலமுறை நச்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நச்சை உலர்த்திப் பொடியாக்கி, நச்சு முறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கின்றனர். அங்கே குதிரைகளின் உடலில் அதைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, குதிரைக் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றனர். பாம்பறிவில் சிறந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இந்தியாவெங்கும் உயிர் காக்கும் மருந்துக்கான மூலப்பொருள் நம் வட்டாரத்திலிருந்தே செல்கிறது. ஆனால் கடியுண்டவர் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும், மந்திரிப்பவரைத் தேடி அலைவதும் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. இவற்றால் விளையும் கேட்டைக் காரணத்தோடு அறிந்துகொள்ள வேண்டும். விரியன்களின் நச்சு கடிவாயின் தசையை அரிப்பதோடு இரத்தம் உறையும் ஆற்றலையும் கெடுக்கிறது. இறுகக் கட்டினால் நச்சு ஓரிடத்தில் தேங்கித் தசை அழுகும். விரலையோ காலையோ இழக்க நேரும். கீறினால், உறையும் ஆற்றலை இழந்த குருதி நில்லாது வழியும். நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நச்சு நரம்பு வழியே மூச்சுத் தசைகளைச் செயலறச் செய்கிறது. கட்டை அவிழ்த்த மாத்திரத்தில் தேங்கிய நச்சு உடலெங்கும் பாய, வழியிலேயே மூச்சு நிற்கக்கூடும். ஆகவே யாரேனும் முன்பே கட்டிவிட்டிருந்தால் அதை நாம் அவிழ்க்காமல் மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்க விட்டுவிட வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. கடியுண்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, அச்சம் தணியச் சொல்லுக. பெரும்பாலான பாம்புகள் நச்சற்றவை. நச்சுப் பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நச்சு ஏறுவதில்லை. இது பொய்யான ஆறுதலன்று. மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தபின் கழற்றுதல் கடினம். கடியுண்ட கை அல்லது காலை முறிந்த எலும்பைப் போலவே தப்பை வைத்து, இறுக்காமல் துணியால் கட்டி, அசையாது வைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பாம்பைப் பிடிக்கவோ அடித்து எடுத்துச் செல்லவோ முயல வேண்டாம். இரண்டாமவரும் கடியுண்பதே அதன் பயன். நச்சு முறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. அறிகுறிகளையும், குருதி 20 நிமிடத்தில் உறைகிறதா என்னும் எளிய சோதனையையும் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே ஒரு சொல். அது இரவில் வீட்டினுள் நுழைந்து, தரையில் படுத்து உறங்குவோரைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் இன்மையால் கடித்ததே தெரியாது. விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமை தானே மூடிக்கொள்ளுதல், பேச்சுக் குழறல் கண்டால், அதை அசீரணம் என்று எண்ணிக் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கொசுவலையை மெத்தையடியில் செருகிப் படுப்பது கொசுவுக்கும் காப்பு, கட்டுவிரியனுக்கும் காப்பு. தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியுள்ளது. எந்த ஊரில் எத்தனை கடி என்னும் கணக்குச் சரியாகக் கிடைத்தால்தான் மருந்து எங்கே எவ்வளவு வேண்டும் என்பது தெரியவரும். கடியுண்டவர் மந்திரிப்பவரிடம் மட்டும் போய்த் திரும்பினால் அக்கணக்கில் அவர் இடம்பெறார். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

நாய்க்கடி

சோப்பின் பயன் இங்கே விளங்கும். வெறிநோய்க் கிருமி புண்ணிலிருந்து நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகர்வது. அது புண்ணிலேயே இருக்கும்போது, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவினால் பெருமளவு அழிந்துவிடும். கிணற்றடியோ குழாயடியோ, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுக. நாம் கழுவியதாக எண்ணும் 15 நிமிடம் பெரும்பாலும் மூன்று நிமிடமாகவே இருக்கும். பின்பு அயோடின் கரைசலைத் தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, எண்ணெய் ஆகியவை வேண்டா. புண்ணைக் கட்டி மூடவும் வேண்டா. அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். குருதி கசிந்த கடியாயின் புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் செலுத்தப்படும். அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடும் முறையில் முதல் நாளும், பின்பு 3, 7, 28ஆம் நாள்களிலும் ஊசி போடப்படுகிறது. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவோர் பலர். நோய் வெளிப்பட்டபின் அதைத் தீர்க்கும் மருந்து இல்லை என்பதை அவர்கள் அறிவாராயின் அறுவடையாயினும் கலியாணமாயினும் அந்நாள்களைத் தவறவிடார். பூனையும் குரங்கும் கடித்தாலும் இதே முறைதான்.

நெருப்பும் வெட்டும்

சுடுகஞ்சி, கொதி எண்ணெய், அடுப்பு நெருப்பு, பட்டாசு ஆகியவற்றால் சுட்ட இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுவதே தலைசிறந்த முதலுதவி. வெப்பம் தோலின்மேல் மட்டும் நிற்பதில்லை. நெருப்பை விலக்கிய பின்னும் உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். நீர் அதை ஆற்றுகிறது. பனிக்கட்டி ஆகாது, அது தசையைக் கெடுக்கும். எழுதும் மை, பற்பசை, தோசைமாவு, முட்டை வெள்ளை முதலியவற்றைப் பூசும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அவற்றைச் சுரண்டி எடுத்தபின்தான் மருத்துவர் புண்ணையே காண முடியும். அந்த வலி எரிந்த வலியினும் கொடிது. கொப்புளத்தை உடைக்காமல், தூய துணியால் தளர மூடிக் கொண்டு செல்க. உடலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். ஆடையில் தீப்பற்றியவர் ஓடக் கூடாது. தரையில் படுக்க வைத்துக் கம்பளியாலோ கனத்த பருத்தித் துணியாலோ மூடி அணைக்க வேண்டும்.

அரிவாள், களைக்கொத்தி, கதிரடிக்கும் பொறி இவற்றால் வெட்டுண்டு குருதி பெருகினால் தூய துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துக. விடாமல் அழுத்துக, நின்றுவிட்டதா என்று நிமிடத்திற்கொருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்த குருதி கிழிந்து மீண்டும் ஒழுகும். துணி நனைந்தால் மேலே மற்றொரு துணி வைத்து இன்னும் வலுவாக அழுத்த வேண்டும். உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ கொம்பையோ பிடுங்கலாகாது. அதுவே குருதிக்கு அடைப்பாக நிற்கக்கூடும். காப்பித்தூளும் சாணமும் புண்ணில் இடத்தக்கவை அல்ல. மஞ்சளின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆழ்ந்த வெட்டுக்குள் அஞ்சறைப்பெட்டி மஞ்சளைக் கொட்டுவது அழுக்கைக் கொட்டுவதாகவே முடியும். மண் பட்ட புண்ணுக்கு டெட்டனஸ் ஊசி வேண்டும்.

எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டை நாடுவோர் நம் பகுதியில் மிகுதி. எக்ஸ்ரே எடுத்து மருத்துவரைக் கண்டபின் முடிவு செய்வதே அறிவுடைமை. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருந்தால், விரல்கள் குளிர்ந்து நிறம் மாறியிருந்தால், வேறெங்கும் செல்லாது மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். சாலை விபத்தில் கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்று ஐயமிருப்பின், நெருப்பு முதலிய உடனடி ஆபத்து இல்லாதவரையில் அவரைப் புரட்டாமல் வண்டிக்குக் காத்திருப்பதே நன்று. காப்பாற்றியவரைப் போலீசார் அலைக்கழிப்பர் என்று அஞ்சிப் பலர் விலகி நிற்கின்றனர். 2016ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஏற்பளித்த நெறிமுறைகளும், 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் உதவி செய்தவருக்குக் காப்பளிக்கின்றன. அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டுமென்று வற்புறுத்தலாகாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாக அளிக்கப்படுகிறது. பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்கு

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, எல்லையோரப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் நீர்மருந்து தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கச் செய்தார். இறப்பு பெரிதும் குறைந்தது. இன்று பெட்டியில் இருக்கும் பொட்டலம் அந்த அனுபவத்தால் உலகெங்கும் நிலைபெற்றதே. சர்க்கரையானது குடலில் உப்பையும் நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. அதனால் வெறும் நீரைவிட இது மிகவும் ஏற்றது.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்குரியது. 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமும் கடைகளில் உண்டு. உறையைப் படித்தே கலக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பளத்து ஊராரிடம் ஒன்று சொல்ல வேண்டும்: இவ்வளவு பொடியுப்புக்குச் சொன்னது, கல்லுப்பாயின் இடித்துப் பொடியாக்கியே அளக்க வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. கலந்த நீரை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கலாகாது. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தலாகாது. குழந்தையின் கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து கிடந்தால் மருத்துவமனையே கதி. கோடையில் அளத்திலும் கழனியிலும் வேலை செய்வோர்க்கும் இக்கரைசல் நன்று. ஆனால் உடல் கொதித்து நினைவு தடுமாறுபவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றாமல், நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

நஞ்சு, நீர், வலிப்பு

பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ அருந்தியவரை வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. புளிக்கரைசலும் உப்புநீரும் சாணிப்பாலும் புகட்டுவது பழைய வழக்கம். அவை மூச்சுக்குழலில் ஏறி நுரையீரலைக் கெடுக்கும். மருந்துப் புட்டியை உறைச்சீட்டோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்க. எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மாற்றுமருந்து தெரியும். தெளிக்கும்போது உடலில் பட்டால் ஆடையைக் களைந்து சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

கழிமுகத்திலும் ஏரியிலும் மூழ்கியவரைத் தலைமேல் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் வீண். மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து ஊதிப் பின்பு மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை என்னும் கணக்கில் அழுத்த வேண்டும்; 30 அழுத்தத்திற்கு இரண்டு மூச்சு. இதை எழுத்தில் படித்துக் கற்க இயலாது. பயிற்சியில் பொம்மையின்மேல் செய்து பழக வேண்டும்.

வலிப்பு கண்டவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயன் ஒன்றுமில்லை. தானாக நிற்கும் வலிப்பு நிற்கும்போது சாவிக்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. பல்லிடையே கரண்டியைச் செருகலாகாது. தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கச் செய்து, ஐந்து நிமிடத்தில் நில்லாவிடின் 108ஐ அழைக்கவும். நடுமார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டவரை வாயு என்று சோடா கொடுத்து உட்கார்த்தி வைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. கோவளத்து மீனவர்கள் அறிவர்: திருக்கையோ கெளிறோ குத்தினால் பொறுக்கத்தக்க சுடுநீரில் அவ்வுறுப்பை வைத்திருந்தால் வலி தணியும். அது பாட்டி வைத்தியமன்று. மருத்துவ நூல்களும் ஏற்ற முறையே.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் வேண்டுமென விதித்தது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும் பணியிடத்தில் இப்பெட்டி இருக்க வேண்டுமென்றது. கழனியையும் அளத்தையும் வீட்டையும் அத்தகைய விதி எட்டுவதில்லை; அங்கே பஞ்சாயத்தின் முயற்சியே வேண்டும். ஏழைக் குடும்பங்கள் யாவும் தனித்தனியே பெட்டி வாங்குதல் உடனே இயலாதாயின், தெருவுக்கொன்றாக ஒரு பொறுப்புள்ள வீட்டிலோ, அங்கன்வாடியிலோ, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியின் வீட்டிலோ வைக்கலாம். எடுத்துப் பயன்படுத்தியதை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதையும் அன்றே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். இல்லையேல் ஆறு மாதத்தில் பெட்டி மட்டுமே எஞ்சும். கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு தெருவுக்கு இருவருக்கேனும், ஆண் ஒருவர் பெண் ஒருவர் என்று, பயிற்சியளிக்கலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அந்நாள்களையே பெட்டியைத் திறந்து பார்க்கும் நாள்களாகவும் வைத்துக்கொண்டால் தனியே நினைவில் வைக்க வேண்டியதில்லை. காலாவதித் தேதி, உறை கிழிந்துள்ளதா, புட்டி கசிந்துள்ளதா, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். அக்டோபர் 2ஆம் நாள் பார்வை சிறப்பானது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தியது. அன்று பெட்டியைக் கனத்த பாலிதீன் உறையிலிட்டு, குளோரின் மாத்திரைகளும், மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் படிகளும், தீப்பெட்டி ஒன்றும் சேர்த்துப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும்.

இறுதியாக மூடியின் உட்புறத்தில் ஒட்ட வேண்டிய தாள். அதில் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, பேரிடர்க் காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண், இரவிலும் வரத்தக்க வாடகைக் கார் அல்லது ஆட்டோக்காரரின் எண் ஆகியவற்றைப் பெரிதாக எழுதுக. அவற்றின்கீழ் உங்கள் வீட்டு முகவரியையும் எழுதுக. நம் முகவரி நமக்குத் தெரியாதா எனலாம். பதற்றத்தில் பேசுபவர் கதவு எண்ணை மறந்துவிடுகிறார், வீட்டுக்கு வந்த விருந்தாளியோ அறியவே மாட்டார். "கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது சந்து, குடிநீர்த் தொட்டிக்கு எதிரே" என்பதுபோல் வண்டியோட்டிக்கு விளங்கும் அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரின் இரத்த வகை, ஒவ்வாத மருந்து, சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பின் அது, இவை தாளின் பின்புறத்தில். பேசி முடித்ததும் நாமே முதலில் தொலைபேசியை வைத்துவிடாமல், மறுமுனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும், ஒருவரைத் தெருமுனையில் விளக்கோடு நிறுத்த வேண்டும் என்பதையும் அதே தாளில் கடைசி வரியாக எழுதிவைக்கலாம்.